பேசத் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தவன் எழுதுறது: ஒரு சங்கடமான பேச்ச ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும்

நான் பேச்சுல கெட்டிக்காரன்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். நாலு பேர் கூடுன எடத்துல ஜோக் அடிக்க வரும், மீட்டிங்ல திக்காம பேச வரும், இதுக்கு மேல என்ன வேணும்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரே வருஷத்துல ரெண்டு அடி. ஒண்ணு, கூட வேலை பாத்த ஒரு அக்காகிட்ட "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சு குடுத்துடுங்க"ன்னு சொன்னேன், அவங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்புனாங்க, எனக்கு அது வேண்டியது வெள்ளிக்கிழமை காலைல, அன்னைக்கு மதியம் நான் மேல இருக்கறவங்க முன்னாடி வெறுங்கையோட போய் நின்னேன். ரெண்டாவது இன்னும் மோசம். தம்பி ரொம்ப யோசிச்சு ஒரு நீளமான மெசேஜ் அனுப்பியிருந்தான், நான் வேற வேலைல இருந்தேன், "சரி."ன்னு ஒரே வார்த்தை, பக்கத்துல ஒரு புள்ளி, அனுப்பிட்டு மறந்துட்டேன். எட்டு மாசம் அவன் என்கிட்ட பேசல.

ரெண்டு தடவையும் என் வாயில வந்தது ஒரே வரிதான்: "நான் தெளிவாத்தானே சொன்னேன்." இந்த வரி எவ்ளோ பெரிய பொய்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. 1990ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க, ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட மனசுக்குள்ள பாடிக்கிட்டே மேசைல தாளம் மட்டும் தட்டணும், எதிர்ல இருக்கறவர் அது என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டுனவங்க பாதிக்குப் பாதி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு கணக்கு போட்டாங்க. தட்டுன 120 பாட்டுல கண்டுபிடிச்சது வெறும் 3. தட்டுறவன் மண்டைக்குள்ள முழு கச்சேரி ஓடுது, கேக்கறவனுக்கு டொக்கு டொக்குன்னு மேசைச் சத்தம் மட்டும்தான். நான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னப்போ என் மண்டைல காலைல ஒன்பது மணி, மீட்டிங், பிரிண்ட் எடுக்கற நேரம் எல்லாம் ஓடிட்டு இருந்துச்சு, அந்த அக்காவுக்கு போனது டொக்கு டொக்கு.

சரி, இனி விஷயம். வீட்டுலயோ வேலைலயோ ஒருத்தர்கிட்ட ஒரு கஷ்டமான விஷயத்த பேச வேண்டியிருக்கு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா கீழ இருக்கற வரிசைல போங்க. ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், எதிர்ல இருக்கறவர் உங்கள அடிக்கிறவர், மிரட்டுறவர்னா இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்ல, அங்க தனியா உக்காந்து பேசி தீக்கற வேலையே வேண்டாம், நம்பிக்கையான இன்னொரு ஆளையோ உதவி பண்ற அமைப்பையோ போய் புடிங்க.

1. பேசறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு எழுதுங்க

பத்து நிமிஷம் வேலை. ஒரு பேப்பர், மூணு வரி.

முதல் வரி: என்ன நடந்துச்சு. இதுக்கு ஒரு சோதனை இருக்கு, ஒரு கேமரா அங்க மாட்டியிருந்தா அதுல பதிவாகியிருக்குமா? "நீங்க பொறுப்பே இல்லாம இருக்கீங்க" கேமராவுல பதிவாகாது. "போன மூணு வாரத்துல ரெண்டு தடவ ஃபைல் சொன்ன நேரத்துக்கு அப்புறம் வந்துச்சு" பதிவாகும். ரெண்டாவது வரி: அதனால எனக்கு என்ன ஆச்சு. மூணாவது வரி: இனிமே என்ன நடக்கணும்.

மூணாவது வரிலதான் முக்காவாசி பேர் வழுக்கி விழுறாங்க. "எனக்கு மரியாதை குடுக்கணும்"னு எழுதுவீங்க, அத வச்சுக்கிட்டு எதிராளி நாளைக்கு காலைல எழுந்து என்ன பண்ணுவாரு? "நான் பேசி முடிக்கிற வரைக்கும் நடுவுல வெட்டாம இருக்கணும்", இது செய்யக்கூடிய காரியம். செய்ய முடியாதத கேட்டா "நான் மரியாதை குடுத்துட்டுதானே இருக்கேன்"னு பதில் வரும், அங்கயே வண்டி நின்னுடும்.

சீட்டுக்குப் பின்பக்கம் இன்னொண்ணு எழுதுங்க, அவங்க ஏன் அப்படி பண்ணியிருப்பாங்கன்னு ரெண்டு நியாயமான காரணம். கோவமா இருக்கறப்போ ஒண்ணு கூட தோணாது, பரவால்ல, உக்காந்து யோசிங்க. நாம லேட்டா போனா டிராஃபிக், அவங்க லேட்டா வந்தா திமிரு, இது மனுஷப் புத்தி. 1977ல லீ ராஸ்னு ஒரு உளவியல்காரர் இதுக்கு ஒரு பேரே வச்சாரு, மத்தவங்க செய்றதுக்கு சூழ்நிலைய விட்டுட்டு அவங்க குணத்த காரணமாக்கறது அடிப்படைப் பிழைன்னு.

இன்னொரு டாக்குமென்ட் வேலை, பிரச்சனைக்கு காரணமான பழைய மெசேஜ் இல்ல மெயில் இருந்தா போறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா படிங்க. எதிராளி என்ன எழுதுனாங்கன்னு பாக்க இல்ல, நீங்க என்ன எழுதுனீங்கன்னு பாக்க. நான் அந்த வெள்ளிக்கிழமை மெசேஜ திரும்பப் படிச்சப்போ "காலைல"ங்கற வார்த்தையே அதுல இல்ல, சத்தியமா இருந்துச்சுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

மாட்டிக்கிற எடம்: முழுப் பேச்சையும் எழுதி எடுத்துட்டு போறது. நான் ஒரு தடவ ரெண்டு பக்கம் எழுதிட்டு போய் படிச்சேன், குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்துச்சாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா காட்டுறதும் அதே கணக்குதான், நீங்க வக்கீலாயிட்டீங்கன்னா அவங்களும் ஒரு வக்கீலா மாறித்தான் ஆகணும்.

2. நேரம் கேளுங்க, என்ன விஷயம்னும் சொல்லிடுங்க

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்." இந்த மெசேஜ மட்டும் தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க. இத பாத்த ஆளு அன்னைக்கு முழுக்க தூங்க மாட்டாரு, தான் பண்ண எல்லாத்தையும் நெனச்சு நெனச்சு, நீங்க பேச வர்றதுக்கு முன்னாடியே சண்டைக்கு தயாரா இருப்பாரு. மூணு தகவல் சேத்து அனுப்புங்க: விஷயம் என்ன, எவ்ளோ நேரம் ஆகும், எப்ப வசதிப்படும். "ஃபைல் அனுப்புற நேரத்த பத்தி ஒரு 20 நிமிஷம் பேசணும், நாளைக்கு இல்ல நாளன்னைக்கு எப்ப தோதுப்படும்?" அவ்ளோதான்.

கதவுகிட்ட செருப்பு மாட்டிட்டு இருக்கறவர்கிட்ட ஆரம்பிக்காதீங்க, பசியோட இருக்கறவர்கிட்ட வேண்டாம், ராத்திரி படுக்கப் போற நேரத்துல வேண்டவே வேண்டாம். மூணாவது மனுஷன் முன்னாடி கூடாது, பாராட்டா இருந்தா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, கொறைன்னா தனியா.

ரொம்ப தள்ளியும் போடாதீங்க. கோவம் அடங்க ஒரு ராத்திரி போகட்டும், ஒரு வாரத்துக்குள்ள பேசிடுங்க. அதுக்கு மேல போனா நடந்தது என்னன்னு ரெண்டு பேருக்கும் ரெண்டு கதை உறைஞ்சு போயிடும், நான் எட்டு மாசம் விட்டதுல தம்பி கதைல நான் வில்லன், என் கதைல அவன் தொட்டாச்சிணுங்கி.

3. எதுல பேசறதுன்னு முடிவு பண்ணுங்க

தகவல் மட்டும்னா மெசேஜ் போதும். தேதி, எடம், எண் இதெல்லாம் எழுத்துலதான் நல்லது, திரும்பப் பாத்துக்கலாம். மனசு சம்பந்தப்பட்டிருந்தா நேர்ல, முடியலன்னா வீடியோ, அதுவும் முடியலன்னா கால். டைப் பண்ணி சண்டை போடாதீங்க.

ஏன்னா நாம எழுதுறப்போ நம்ம குரல் நமக்கு மட்டும் கேக்குது. 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழு இத சோதிச்சாங்க, சில வரிய கிண்டலாவும் சில வரிய சீரியஸாவும் மெயில்ல அனுப்பச் சொல்லி, படிக்கிறவர் எது எதுன்னு சரியா சொல்வாரான்னு எழுதுனவங்கள கேட்டாங்க. 78 சதவீதம் சரியா புரிஞ்சுப்பாங்கன்னு எழுதுனவங்க நம்புனாங்க, நிஜத்துல 56. ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுக்கற கேள்விக்கு 56ன்னா காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். அதே வரிய குரல்ல சொன்னப்போ 73 வந்துச்சு.

என் "சரி." கதையும் அதுதான். எனக்கு அது "படிச்சுட்டேன், சாயங்காலம் பேசலாம்". அவனுக்கு அது மூஞ்சில கதவ சாத்துன மாதிரி.

வாய்ஸ் நோட் ஒரு நடுவாந்தரம், குரல் இருக்கு ஆனா நடுவுல கேள்வி கேக்க முடியாது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா அது வாய்ஸ் நோட் இல்ல, சொற்பொழிவு.

4. முதல் மூணு நிமிஷம்

இத நான் சும்மா ரைமிங்கா சொல்லல. 1999ல சிபில் கரேர், ஜான் காட்மேன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க புதுசா கல்யாணமான 124 ஜோடிங்க ஒரு பிரச்சனைய பத்தி 15 நிமிஷம் பேசறத பதிவு பண்ணி பாத்தாங்க, அதுல முதல் மூணு நிமிஷத்த வச்சே அடுத்த ஆறு வருஷத்துல யாரு பிரியறாங்கங்கறதோட தொடர்ப பாக்க முடிஞ்சுது. கடுப்பா ஆரம்பிச்ச பேச்சு பெரும்பாலும் கடுப்பாவேதான் முடியும்.

அதனால சீட்டுல இருக்கற மூணு வரியோட ஆரம்பிங்க, "நீ"ல ஆரம்பிக்காம "நான்"ல ஆரம்பிங்க. தாமஸ் கார்டன்னு ஒருத்தர் பெத்தவங்களுக்கு வகுப்பு எடுக்கறப்போ பிரபலப்படுத்துன முறை இது. "நீ எப்பவுமே சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல"க்கு பதிலா "நேத்து 40 நிமிஷம் தனியா நின்னுட்டு இருந்தேன், உனக்கு எதாவது ஆயிடுச்சோன்னு பயமா இருந்துச்சு, லேட்டாகும்னா ஒரு மெசேஜ் போட்டுடு." அவ்ளோதான், நிறுத்திடுங்க. நிறுத்தறதுதான் கஷ்டம், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது ஞாபகம் வரும், வாய மூடிக்கோங்க.

போலி "நான்" ஒண்ணு இருக்கு, உஷாரு. "நீ சுயநலம் புடிச்சவன்னு நான் ஃபீல் பண்றேன்." இது "நீ" வாக்கியம்தான், முகமூடி போட்டுட்டு வருது. "ஃபீல் பண்றேன்"க்கு முன்னாடி வருத்தம், பயம், கோவம், ஏமாற்றம் மாதிரி ஒரு உணர்ச்சி வரணும், ஆளப் பத்தின தீர்ப்பு வரக்கூடாது.

நம்ம மொழில ஒளிஞ்சிருக்கற சில முள்ளையும் சொல்லிடறேன், இத எந்த பயிற்சி வகுப்புலயும் எனக்கு யாரும் சொல்லித் தரல. "இதையாச்சும் ஒழுங்கா பண்ணு", இதுல குத்துறது அந்த "யாச்சும்", இதுக்கு முன்னாடி நீ எதையுமே ஒழுங்கா பண்ணலன்னு அந்த ஒரு ஒட்டுலயே சொல்லிட்டீங்க. "நீ கூட முடிச்சிட்டியா?"ல இருக்கற "கூட"வும் அப்படித்தான், பாராட்டுன்னு நெனச்சு சொல்லுவோம், வாங்கிக்கிறவருக்கு அது வேற மாதிரி எறங்கும். இத்தன நாள் நீங்கன்னு கூப்பிட்டவர கோவத்துல நீன்னு ஒரு தடவ சொல்லிட்டா அதுக்கப்புறம் நீங்க பேசுற எந்த நியாயமும் காதுல விழாது. அதுக்கு நேர் எதிரும் உண்டு, நீ வா போன்னு இருந்த ஆளுகிட்ட திடீர்னு "நீங்க சொல்லுங்க சார்"னு மாறுறது, அது அடிய விட வலிக்கும்.

5. கேக்கறது

இந்தப் பகுதி நீளமா இருக்கும், ஏன்னா நான் தோத்ததெல்லாம் இங்கதான்.

முதல்ல ஏன் கஷ்டம்னு புரிஞ்சுக்கணும். பத்து மொழிகள்ல பேச்ச ஒப்பிட்டுப் பாத்த ஒரு ஆய்வு 2009ல வந்துச்சு, ஒருத்தர் கேள்விய முடிச்சு இன்னொருத்தர் பதில் ஆரம்பிக்கிற இடைவெளி சராசரியா 200 மில்லி செகண்ட் அளவுதான், ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா மனசுல ஒரு வார்த்தைய தேடி எடுத்து வாய்க்கு கொண்டு வரவே சுமார் 600 மில்லி செகண்ட் ஆகும். கணக்கு இடிக்குதா? இடிக்கல, எதிராளி பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நாம பதில தயார் பண்ண ஆரம்பிச்சிடறோம்னு அர்த்தம். சாதாரண அரட்டைக்கு அது சரி. சங்கடமான பேச்சுல அதுதான் எமன், ஏன்னா முக்கியமான வார்த்தை பெரும்பாலும் கடைசிலதான் வரும், அப்போ நாம பதில் எழுதிட்டு இருப்போம்.

அதனால பண்ண வேண்டியது, அவங்க முடிச்சப்புறம் மூணு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்ல வகுப்பறைகள்ல பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு ஒரு செகண்ட் கூட காத்திருக்கறதில்ல, அத மூணு செகண்டாக்குனதும் பிள்ளைங்க பதில் நீளமாச்சு, பேசாத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. பெரியவங்களுக்கும் அதுதான். தம்பிகிட்ட கடைசியா உக்காந்தப்போ அவன் "ஒண்ணுமில்ல, அந்த மெசேஜ்தான்"னு சொல்லிட்டு நிறுத்துனான், பழைய நானா இருந்தா உடனே "டேய் அது நான் பிஸியா இருந்தேன்டா"ன்னு ஆரம்பிச்சிருப்பேன், எண்ணுனேன், மூணு வந்துச்சு, நாலு கூட வந்துச்சு, அப்புறம் அவனே சொன்னான், அந்த மெசேஜ அனுப்ப அவனுக்கு ஒரு வாரம் ஆச்சாம்.

எண்ணி முடிச்சதும் உங்க பதில் வேண்டாம், அவங்க சொன்னத உங்க வார்த்தைல திருப்பிச் சொல்லுங்க. "அப்போ நீ அவ்ளோ யோசிச்சு எழுதுனத நான் ஒரு வார்த்தைல தள்ளிவிட்ட மாதிரி ஆயிடுச்சு, அப்படியா?" கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன்னு ரெண்டு உளவியல்காரங்க 1957லயே இந்த மாதிரி கேக்கறதுக்கு "ஆக்டிவ் லிசனிங்"னு ஒரு பேரு வச்சு எழுதிட்டாங்க, அதுல முக்கியமான விஷயம் வார்த்தைய மட்டும் இல்லாம அதுக்குப் பின்னாடி இருக்கற உணர்ச்சியையும் சேத்து கேக்கறது. தப்பா திருப்பிச் சொன்னாலும் லாபம்தான், "இல்ல, அது இல்ல, என்னன்னா..."ன்னு அவங்களே திருத்துவாங்க, அந்தத் திருத்தத்துலதான் நிஜம் வெளிய வரும்.

ஆனா கிளிப்பிள்ளை மாதிரி அதே வார்த்தைய திருப்பிச் சொல்லாதீங்க. நான் ஆர்வக்கோளாறுல ஒரு வாரம் அப்படி பண்ணேன், "ரெக்கார்டர்கிட்ட பேசற மாதிரி இருக்கு"ன்னு ஒரு ஃப்ரெண்டு ஃபோன வச்சுட்டான்.

கேள்வி கேக்கறப்போ "ஏன்"ன கொஞ்சம் அடக்குங்க. "ஏன் அப்படி பண்ண?"ன்னா கூண்டுல ஏத்துன மாதிரி இருக்கும், சாக்குதான் வரும். "என்ன ஆச்சு அன்னைக்கு?"ன்னு கேட்டா கதை வரும். ஒரு நேரத்துல ஒரு கேள்வி கேளுங்க, ரெண்டு சேத்து கேட்டா அவங்களுக்கு சுலபமானதுக்கு பதில் சொல்லிட்டு நழுவிடுவாங்க.

அப்புறம் அறிவுரை. யாராச்சும் கஷ்டத்த சொன்னா நமக்கு ஒடனே தீர்வு சொல்ல வாய் அரிக்கும். அரிக்கட்டும். "இதுக்கு யோசனை வேணுமா இல்ல சும்மா கேக்கணுமா?"ன்னு நேராவே கேட்டுடுங்க, ஆரம்பத்துல செயற்கையா இருக்கும், ரெண்டு மூணு தடவ கேட்டா பழகிடும். "எனக்கும் இப்படித்தான் ஒருதடவ..."ன்னு நம்ம கதைய எடுத்து விடறதும் ஆறுதல்னு நெனச்சுதான் பண்றோம், ஆனா ரெண்டாவது நிமிஷத்துல பேச்சு நம்மள பத்தி ஆயிடும். ஃபோன மேசைல கவுத்து வைக்காதீங்க, பைக்குள்ள வைங்க.

6. சூடாச்சுன்னா நிறுத்துங்க

காது சூடாகுது, நெஞ்சு அடிச்சுக்குது, எதிராளி பேசறது காதுல விழுது ஆனா மண்டைல ஏறலன்னா நிறுத்த வேண்டிய நேரம். காட்மேன் ஆட்கள் ஜோடிங்களோட இதயத்துடிப்ப அளந்துதான் இத சொன்னாங்க, நிமிஷத்துக்கு 100 தாண்டிடுச்சுன்னா அதுக்கப்புறம் நியாயம் புரியாது, உடம்பு அடங்க கொறஞ்சது 20 நிமிஷம் வேணும்.

எப்படி நிறுத்தறதுங்கறதுதான் முக்கியம். விருட்டுன்னு எழுந்து போனா அது தண்டனை. "எனக்கு இப்போ மண்டைல ஏறல, அரை மணி நேரம் கழிச்சு இங்கயே வந்து உக்காருவேன்"னு நேரத்தோட சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு நீங்களே திரும்ப வாங்க, அவங்க கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த அரை மணில நடங்க, தண்ணி குடிங்க. அடுத்த வசனத்த மனப்பாடம் பண்ணிட்டு இருந்தீங்கன்னா துடிப்பு எறங்காது, அந்த அரை மணியும் வீண்.

7. "சரி"ய நம்பி எழுந்து போகாதீங்க

நம்ம "சரி"க்கு எத்தன அர்த்தம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. காதுல விழுந்துச்சு. ஒத்துக்கறேன். செய்றேன். போதும் விடு. ஃபோன வை. "பாக்கறேன்"னா பாதி நேரம் மாட்டேன்னு அர்த்தம். "பண்ணிடலாம்"னா யாரு பண்ணுவா? அந்த வாக்கியத்துல ஆளே இல்ல. "நாம பாத்துக்கலாம்", "நாங்க பாத்துக்கறோம்" ரெண்டும் காதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா முதல்ல நீங்களும் உள்ள இருக்கீங்க, ரெண்டாவதுல நீங்க வெளிய. ஃபோன்ல அந்த "ம"வும் "ங்க"வும் மாறிக் கேட்டு ஒரு வேலை முழுசா ரெண்டு பக்கமும் யாரும் செய்யாம கெடந்தத நான் பாத்திருக்கேன்.

பெரிய எடத்துலயும் இந்த வார்த்தை ஆளக் கொன்னிருக்கு. 1977 மார்ச் 27ல டெனெரிஃப் தீவு ஏர்போர்ட்ல மூடுபனில ஒரு விமானி ஓடுபாதைல கெளம்பறதா சொன்னத கண்ட்ரோல் டவர் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு "ஓகே"ன்னு சொல்லி, அடுத்து சொன்ன "காத்திருங்க, நான் கூப்பிடறேன்"ங்கறது இன்னொரு விமானத்தோட ரேடியோ குறுக்க வந்து சரியா விழாம போச்சு. ரெண்டு ஜம்போ ஜெட் மோதி 583 பேர் செத்தாங்க. ஒரே காரணம்னு சொல்லல, நெறைய சேந்துதான் நடந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் ஓடுபாதை சம்பந்தப்பட்ட உத்தரவுக்கு வெறும் ஓகேன்னு பதில் சொல்லக்கூடாது, உத்தரவ முழுசா திருப்பிச் சொல்லணும்ங்கறது இன்னும் கண்டிப்பாச்சு.

நமக்கு அவ்ளோ வேண்டாம், எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: யாரு, என்ன, எப்ப. கேக்கறப்போ "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, புரியலன்னு சொல்ல யாருக்குத்தான் புடிக்கும். பழிய உங்க பக்கம் எடுத்துக்கிட்டு கேளுங்க: "நான் சரியா சொன்னேனான்னு தெரியல, நாம என்ன முடிவு பண்ணோம்னு ஒரு தடவ சொல்லுங்களேன்." தேதின்னா "வெள்ளிக்கிழமைக்குள்ள" கூடவே கூடாது, "வெள்ளிக்கிழமை காலைல 9 மணிக்கு முன்னாடி". இந்த "க்குள்ள"வால எனக்கு ஆன நஷ்டத்துக்கு அத அகராதில இருந்தே தூக்கிடலாம்.

8. அன்னைக்கே எழுதி அனுப்பிடுங்க

வேலை விஷயம்னா இது கட்டாயம், வீட்டு விஷயம்னா பணம், தேதி, பொறுப்பு இருந்தா மட்டும். நாலு வரிக்கு மேல வேண்டாம். நான் அனுப்புற மாதிரி இருக்கும்:

"அக்கா, இன்னைக்கு பேசுனதுக்கு நன்றி. முதல் பகுதி நீங்க, புதன் மாலை 5 மணி. மீதி நான், வியாழன் மதியம் 12 மணி. லேட்டாகும்னு தெரிஞ்சா முதல் நாளே சொல்லிக்கலாம்னு பேசுனோம். நான் எதாவது தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க."

கடைசி வரிய விட்டுடாதீங்க, அது இல்லன்னா இது நோட்டீஸ் மாதிரி ஆயிடும். மேல இருக்கறவங்கள மெயில் காப்பில (சிசி) சேத்து அனுப்பாதீங்க, அவ்ளோ நேரம் பேசி சம்பாதிச்சது ஒரு காப்பில போயிடும். ரெண்டு நாள் கழிச்சு அனுப்பாதீங்க, அதுக்குள்ள ரெண்டு பேர் ஞாபகமும் ரெண்டு ஊருக்கு போயிருக்கும்.

9. தப்பு உங்க பக்கம்னா

சின்னதா முடிங்க. என்ன பண்ணேன், அதனால உனக்கு என்ன ஆச்சு, இனிமே என்ன பண்ணுவேன். "உனக்கு கஷ்டமா இருந்திருந்தா சாரி", இதுல "இருந்திருந்தா"ன்னு ஒரு வார்த்தை இருக்கறதால இது மன்னிப்பு இல்ல, சந்தேகம். "சாரி, ஆனா..."வும் அதே. உடனே மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு நிக்காதீங்க, தம்பி "யோசிச்சு சொல்றேன்"னான், பத்து நாள் ஆச்சு.

10. நேரமும் காசும்

என் கணக்குப்படி ஒரு பேச்சுக்கு சீட்டு 10 நிமிஷம், பேச்சு 20ல இருந்து 40, இடைவேளை வந்தா இன்னொரு 30, எழுதி அனுப்ப 5. ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல போகாது. இத மிச்சம் புடிச்சதுக்கு எனக்கு ஆன செலவு ஒரு ஃபைல மறுபடி முதல்ல இருந்து பண்ண ரெண்டு வாரக் கடைசி, அப்புறம் ஒரு எட்டு மாசம்.

கிளாஸுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். முதல் நாளே "பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55"னு போர்டுல எழுதுனா பாக்கி எல்லாத்தையும் சந்தேகத்தோட கேளுங்க. அது ஆல்பர்ட் மெஹ்ராபியன்ங்கற உளவியல்காரர் 1967ல பண்ண ரெண்டு சோதனைல இருந்து வந்த கணக்கு, புடிக்குதா புடிக்கலையாங்கற உணர்ச்சிய பத்தி, அதுவும் வார்த்தையும் முகமும் குரலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத நேரத்துக்கு மட்டும். எல்லா பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. நான் காசு கட்டிப் போன கிளாஸ்ல அரை நாள் கை எங்க வைக்கிறது கால் எங்க வைக்கிறதுன்னே போச்சு, கேக்கறத பத்தி அஞ்சு நிமிஷம் கூட இல்ல.

நாலு பேர் முன்னாடி பேச கூச்சம்னா டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி கிளப் இருக்கு, 1924ல ஆரம்பிச்சது, உறுப்பினர் ஆகறதுக்கு முன்னாடி விருந்தாளியா போய் பாத்துட்டு வரலாம். அது மேடைக்கு நல்ல பயிற்சி, ஒருத்தரோட பேசறதுக்கு அது போதாது. அதுக்கு பயிற்சி தினமும் வீட்டுலயே இருக்கு, சண்டை இல்லாத சாதாரண நாள்ல மூணு எண்ணிப் பழகுங்க, சண்டைல தானா வரும்.

11. பேசியும் வேலைக்கு ஆகலன்னா

வரும். எல்லாம் சரியா பண்ணியும் எதிராளி வாயத் தொறக்க மாட்டாரு, இல்ல கத்திட்டு போயிடுவாரு. ஒரு தடவ இடைவெளி விட்டு திரும்ப நேரம் கேளுங்க, அப்பவும் இல்லன்னா ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு ஆள கூப்பிடலாமான்னு கேளுங்க, அவங்க சம்மதிச்ச ஆளா இருக்கணும், உங்க கட்சி ஆளா இருக்கக்கூடாது. அதுக்கும் மாட்டேன்னா விட்டுடுங்க, ஒருத்தர் பேசறதும் பேசாததும் அவங்க உரிமை, உங்க சீட்டுல எந்த வரியாலயும் அத மாத்த முடியாது.

சீட்டுன்னதும் ஞாபகம் வருது. பேசி முடிச்சதும் அத கிழிச்சு போட்டுடுங்க, சட்டைப் பைல வச்சு மறந்துடாதீங்க. என்னோடத துவைக்கப் போட்ட சட்டைல இருந்து தம்பி எடுத்துட்டான், முன்பக்கம் படிச்சப்போ ஒண்ணும் சொல்லல, பின்பக்கம் "அவன் ஏன் அப்படி பண்ணியிருப்பான்"னு நான் எழுதி வச்சிருந்த ரெண்டு காரணமும் தப்பாம், அதுக்கு தனியா ஒரு மணி நேரம் உக்கார வேண்டியதாப் போச்சு.